அடுக்குகளுக்கு ஊடே: கணினி அமைப்புப் பொறியியலின் படிப்பும் பணியும்



பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “சி.எஸ்.இ. எடுப்பதா, ஈ.சி.இ. எடுப்பதா, புதிதாக வந்திருக்கும் ஏ.ஐ. பிரிவை எடுப்பதா? எதில் வேலை நிச்சயம் சார்?” கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கூட்டிய கட்-ஆஃப் மதிப்பெண் கையில் இருக்கிறது. சில நாட்களுக்குள் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டிய நெருக்கடி. அந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை சொல்லி அனுப்புவது நியாயமாகாது. இன்று எனக்கு ஒரு மணி நேரம் தந்திருக்கிறீர்கள். அதை அந்தக் கேள்விக்கே செலவிடப் போகிறேன்.

நான் நிறுவ விரும்பும் கருத்து இது. கணினியை ஒருவர் தனித்தனிப் பாடங்களாகக் கற்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அமைப்பாகவும் கற்கலாம். இரண்டாவது வகையில் கற்றவர், ஒரு பழுது எந்த அடுக்கில் ஒளிந்திருந்தாலும் பின்தொடர்ந்து போய்ப் பிடிப்பார். அந்தத் திறனுக்குத்தான் நீண்ட நாள் மதிப்பு உண்டு. சான்றிதழில் அச்சாகும் பிரிவின் பெயர் முதல் நேர்காணலோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

1. எதைக் கணினி அமைப்புப் பொறியியல் என்கிறோம்

பால் கடையில் க்யூ.ஆர். குறியைப் படித்துப் பணம் அனுப்புகிறீர்கள். விரல் திரையைத் தொட்டவுடன் ஒரு சிறு சில்லு அதை உணர்ந்து செயலியை எழுப்புகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் அந்தத் தகவலைச் செயலிக்குள் ஓடும் உரிய நிரலிடம் சேர்க்கிறது. நிரல் அதை மறைகுறியாக்குகிறது. வானொலி அலையாக அது கோபுரத்துக்குப் போகிறது. ஏதோ ஒரு தரவு மையத்தில் வங்கியின் தரவுத்தளம், மின்சாரம் போனாலும் அழியாதபடி அதை எழுதி வைத்த பிறகே “வெற்றி” என்ற பதில் திரும்புகிறது. இத்தனை அடுக்குகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தை வடிவமைப்பதும், அளப்பதும், பழுது பார்ப்பதும் இந்தத் துறை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ‘கணினி அமைப்புப் பொறியியல்’ என்ற பெயரிலேயே தனிப் பிரிவு உண்டு. ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. ஆகிய சங்கங்கள் கணினி அறிவியலுக்கு ஒன்று, கணினிப் பொறியியலுக்கு ஒன்று என 2004-க்குள்ளாகவே தனித்தனிப் பாடத்திட்டப் பரிந்துரைகள் வெளியிட்டன. நம் ஊரில் இந்தப் படிப்பு இரண்டு வீடுகளில் பிரிந்து கிடக்கிறது. இயங்குதளம், கம்பைலர், வலையமைப்பு, தரவுத்தளம் எல்லாம் சி.எஸ்.இ. பக்கம், மைக்ரோகன்ட்ரோலர், வி.எல்.எஸ்.ஐ., எம்பெடட் எல்லாம் ஈ.சி.இ. பக்கம். ஆகவே ‘எந்தப் பிரிவு’ என்று கேட்கும் பெற்றோருக்கு என் முதல் விடை: எந்த வீட்டில் சேர்ந்தாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும்.

2. பழுது அடுக்கு பார்த்து வருவதில்லை

என் வகுப்பில் ஆண்டுதோறும் நான் சொல்லும் நிகழ்வு ஒன்று உண்டு. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே கொண்டாடியது. சில நாட்களில் கலத்தின் கணினி தானாகவே நின்று, மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலையில் மீதமிருந்தது மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் கணினியில் பல பணிகள் ஒரே நேரத்தில் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை. தரவுப் பாதையை நிர்வகிக்கும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தகவல் சேர்க்கும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவான ஒரு வளம் இருந்தது. அதைத் தொடுமுன் பூட்ட வேண்டும். வானிலைப் பணி பூட்டைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் உயர்ந்த பணி வந்து காத்து நிற்கிறது. அதுவரை சரி, வானிலைப் பணி நொடியில் முடித்துப் பூட்டை விட்டுவிடும். ஆனால் இடையில் நடுத்தர முன்னுரிமை உள்ள நீண்ட பணி ஒன்று எழுந்தால், அது வானிலைப் பணியை ஓரங்கட்டிவிட்டுத் தான் ஓடும். பூட்டு விடுபடாது, எல்லாரையும் விட உயர்ந்த பணி எல்லாருக்கும் பின்னால் நிற்கும். குறித்த நேரத்தில் அது முடியவில்லை என்று கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெரிய கோளாறு என்று எண்ணிக் கணினியை மீள்தொடக்கம் செய்தது. நம் மாணவர்கள் இதை ‘பிரியாரிட்டி இன்வெர்ஷன்’ என்று தேர்வில் எழுதியிருப்பார்கள்.

ஏவுவதற்கு முன்பே சோதனைகளில் இந்த மீள்தொடக்கம் தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவழைக்க முடியாததால் காரணம் பிடிபடவில்லை. செவ்வாயிலிருந்து அது மீண்டும் மீண்டும் வந்த பிறகு, பொறியாளர்கள் பூமியிலிருந்த அதே மாதிரிக் கணினியில் ஒவ்வொரு நிகழ்வையும் பதிவுசெய்தபடி ஓடவிட்டு, பழுதை வரவழைத்தார்கள். இயங்குதளம் வி.எக்ஸ்.ஒர்க்ஸ். அதன் பூட்டில் ‘பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்’ என்ற வசதி இருந்தது. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது அதன் வேலை. அது அணைந்து கிடந்தது. பூமியிலிருந்து ஒரு சிறு மாற்றத்தை அனுப்பி அதை இயக்கினார்கள். மீள்தொடக்கம் நின்றது.

அந்த வசதிக்கு அடிப்படையான கோட்பாட்டை 1990-ல் ஐ.இ.இ.இ. இதழில் வெளியிட்டவர்கள் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி. ராஜ்குமார் கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அதே 1997 டிசம்பரில் ஒரு மாநாட்டில் செவ்வாய்க் கதை விவரிக்கப்பட்டபோது மூவரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லி அவை அவர்களைப் பாராட்டியது. கோவையில் படித்த ஒருவரின் கணிதம் செவ்வாயில் ஒரு கணினியை நிமிர்த்தியது என்பதை நான் ஒவ்வொரு முறையும் பெருமையோடுதான் சொல்கிறேன்.

இந்தப் பழுது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது? நிரலில் தவறில்லை. வன்பொருளில் தவறில்லை. இயங்குதளமும் சொன்னதைச் சரியாகவே செய்தது. மூன்றும் சந்திக்கும் இடத்தில் பழுது இருந்தது. அங்கே நிற்கக் கற்றவர்தான் அமைப்புப் பொறியாளர்.

3. இந்த அறிவு மெல்லவே மூப்படைகிறது

“நான்கு ஆண்டு படித்து முடிப்பதற்குள் தொழில்நுட்பம் மாறிவிடுமே” என்பது அடுத்த கவலை. மேலடுக்குகளில் அது உண்மை. கீழடுக்குகளின் கருத்துகள் அப்படி மாறுவதில்லை. அதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஏ.ஐ. உரையாடல்களுக்குப் பின்னால் இருக்கும், 7,000 கோடி எண்களால் ஆன மொழி மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் என்றால் 140 ஜிகாபைட். அடுத்த சொல்துண்டை உருவாக்க, ஏறத்தாழ அத்தனை எண்களையும் நினைவகத்திலிருந்து செயலிக்குக் கொண்டுவர வேண்டும். என்விடியாவின் எச்100 போன்ற சில்லு நொடிக்கு 3,350 ஜிகாபைட் வரை இழுக்கும். அதன் சொந்த நினைவகமோ 80 ஜிகாபைட்தான். ஆக, மாதிரியை இரண்டு சில்லுகளுக்காவது பிரித்து வைக்க வேண்டும். எண்களைப் பெருக்கிக் கூட்டும் வேகம் எவ்வளவு இருந்தாலும், அவற்றைக் கொண்டுவரும் வேகமே எல்லை வகுக்கிறது. நினைவகத்துக்கும் செயலிக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கணினிக் கட்டமைப்புப் பாடம் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது.

இன்னொன்று. பலர் ஒரே நேரத்தில் அந்த மாதிரியோடு உரையாடும்போது, ஒவ்வோர் உரையாடலுக்கும் வளர்ந்துகொண்டே போகும் தற்காலிக நினைவு தேவை. எவ்வளவு வளரும் என்று முன்கூட்டித் தெரியாததால், பெரிய இடத்தைத் தொடர்ச்சியாக ஒதுக்கி வைத்தார்கள், பெரும்பகுதி வீணானது. 2023-ல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய வி.எல்.எல்.எம். என்ற மென்பொருள், அந்த நினைவைச் சிறு சிறு பக்கங்களாக வெட்டி, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைத்து, ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டது. இது இயங்குதளப் பாடத்தின் ‘பேஜிங்’. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் டாம் கில்பர்ன் குழுவினர் நடைமுறைப்படுத்திய கருத்து. ‘பேஜ் டேபிள்’ என்பதைத் தேர்வுக் கேள்வியாக மட்டும் பார்த்த மாணவருக்கும், இந்தக் கருத்து எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது என்று புரிந்துகொண்ட மாணவருக்கும் உள்ள தொலைவு இங்கேதான் தெரிகிறது.

4. நம் கல்லூரிகளில் எங்கே தடைபடுகிறது

என் சக ஆசிரியர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்கள் சுமக்கும் பணிச்சுமையும் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாம் ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து யூனிட்டாக வெட்டி, தேர்வு முடிந்ததும் மூடி வைக்கிறோம். இயங்குதள ஆய்வகத்தில் மாணவர் எழுதுவது பெரும்பாலும் பணி அட்டவணையைக் கணக்கிடும் பாவனை நிரல். உண்மையான கர்னலின் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அந்தப் பருவம் முடிந்துவிடுகிறது. ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கிறது. வைவாவில் விடையும் வருகிறது. இயந்திரத்தோடு கைகலந்த அனுபவம் மட்டும் இல்லை.

இதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. எம்.ஐ.டி. கற்பிப்பதற்காகவே எழுதிய எக்ஸ்.வி.6 என்ற சிறிய இயங்குதளத்தை ஒரே பருவத்தில் முழுதும் படித்துவிடலாம், மூலநிரல் இலவசம், ரிஸ்க்-ஃபைவ் செயலியில் ஓடுவது. ரிஸ்க்-ஃபைவ் என்பது 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய கட்டளைத் தொகுப்பு. உரிமத் தொகை இல்லாமல் யாரும் அதன்படி செயலி வடிவமைக்கலாம். அந்த வாய்ப்பைச் சென்னை ஐ.ஐ.டி. நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் 2018-ல் சில்லாகவே வெளிவந்தன. ஒன்று இன்டெலின் ஆலையில், இன்னொன்று சண்டிகர் அருகே மொஹாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில். சக்தியின் வழிவந்த ஐரிஸ் என்ற விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லை இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் 2025 பிப்ரவரியில் அறிவித்தன. சக்தியின் வடிவமைப்பு திறந்த மூலம். கிண்டியில் இருப்பவரும் கோவில்பட்டியில் இருப்பவரும் அதே கோப்பை இறக்கிப் படிக்கலாம்.

5. வேலை வாய்ப்பு: உள்ளது உள்ளபடி

பெற்றோர் காத்திருந்த பகுதிக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கசப்பான உண்மை. கேம்பஸ் பிளேஸ்மெண்டில் நூற்றுக்கணக்கில் ஆளெடுக்கும் சேவை நிறுவனங்கள் இந்த ஆழத்தைக் கேட்பதில்லை. இந்த ஆழத்தைக் கேட்கும் நிறுவனங்கள் குறைவான பேரையே எடுக்கின்றன. எல்லாக் கல்லூரிக்கும் வருவதும் இல்லை. ஆகவே முதல் வேலை சற்றுத் தாமதமாகலாம். கல்விக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய வீட்டுப் பிள்ளை, வந்த முதல் வேலையில் சேர்வதில் தவறே இல்லை. அங்கிருந்தபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் படித்து இந்தப் பக்கம் கடந்து வந்தவர்கள் உண்டு.

சில்லு வடிவமைப்பை முதலில் சொல்கிறேன். குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனமும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் ஆலை அமைக்கும் செய்தியைப் படித்துவிட்டு, “இனி செமிகண்டக்டர்தான்” என்று பலர் முடிவெடுக்கிறார்கள். ஆலைக்குள் அதிகம் தேவைப்படுபவர்கள் வேதியியல், பொருளறிவியல், மின்னியல், இயந்திரவியல் படித்தவர்கள். கணினி அமைப்பு படித்தவருக்கான இடம் வடிவமைப்பிலும் சரிபார்ப்பிலும் உள்ளது. அது இந்தியாவுக்குப் புதிதன்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூரில் மையம் தொடங்கிவிட்டது. சரிபார்ப்பு என்றால் என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சான்று போதும்: பென்டியம் செயலியின் வகுத்தல் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தது 1994-ல் தெரியவந்தது, மிக அரிதாகவே தவறான விடை வரும். அதற்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். சில்லு ஆலைக்குப் போகுமுன் அத்தகைய ஓட்டையைக் கண்டுபிடிப்பவரின் சம்பளம் ஏன் உயர்வாக இருக்கிறது என்று அதன்பின் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது வாகனம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளைச் சுற்றி வளர்ந்த தொழிலுக்கு இப்போது இரும்பு அளவுக்கு மென்பொருளும் தேவை. பிரேக், மின்கலம், காற்றுப்பை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி. அவற்றை இணைப்பது பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் பஸ். 2011-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 26262 என்ற பாதுகாப்புத் தரம், ஒவ்வொரு பழுதும் யாருக்கு என்ன தீங்கு செய்யும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டச் சொல்கிறது. பாத்ஃபைண்டர் பாடம் இங்கே தினசரி வேலை.

மேகக் கணிமை, தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றில் எண்ணிக்கையில் கூடுதல் இடங்கள் உள்ளன. இன்று ஸோஹோ என்று நாம் அறியும் நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளோடுதான் தொடங்கியது. இந்த வேலையின் பொறுப்பு எவ்வளவு என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் தந்ததோ 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போனது கர்னலுக்குள் இருந்த பகுதி என்பதால் கணினியே விழுந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

அரசுத் துறையில் இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ., சி-டாக் ஆகியவை உண்டு. எம்.டெக். படிக்கவும் சில பொதுத்துறை நிறுவனங்களுக்கும் கேட் தேர்வு வாசல். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கேட் கணினித் தாளின் பாடங்களைப் பாருங்கள்: டிஜிட்டல் லாஜிக், கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், கம்பைலர், வலையமைப்பு. பாதிக்குமேல் நான் இன்று பேசியதுதான்.

6. “இனி நிரலை ஏ.ஐ.யே எழுதிவிடுமே?”

எழுதும், எழுதிக்கொண்டிருக்கிறது. தொடக்க நிலை வேலைகளில் அதன் அழுத்தம் நிச்சயம் விழும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் நிரல் மலிவாகக் குவியக் குவிய, அது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பவரின் தேவை கூடும்.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதையும் செயலியைத் தின்பதையும் கவனித்தார். அரை நொடியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அவர் விடவில்லை, அடுக்கடுக்காக இறங்கிப் போனார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. அதை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நல்லவராகப் பங்களித்து, திட்டத்தின் பொறுப்பையே கைப்பற்றியவர். உலகின் பெரும்பாலான லினக்ஸ் சேவையகங்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேருமுன் தடுக்கப்பட்டது. ஃப்ராயண்டின் வேலை பாதுகாப்பு ஆய்வன்று. தம் கணினி எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

அந்த அளவுணர்வை வளர்க்க நான் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது. செயலி தன் அருகிலுள்ள கேஷ் நினைவகத்தைத் தொட ஒரு நானோநொடி ஆகிறது. அதை ஒரு நொடி என்று நீட்டிக்கொள்ளுங்கள். அப்போது முதன்மை நினைவகத்துக்குப் போய்வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.யிலிருந்து படிக்க ஒரு நாளுக்கு மேல். சுழலும் வன்தட்டு என்றால் நான்கு மாதம். சென்னையிலிருந்து அமெரிக்கச் சேவையகத்துக்குப் போய்வர ஏறத்தாழ எட்டு ஆண்டு. நிரலில் ஒரு வரி இந்த ஐந்தில் எதைத் தொடுகிறது என்று கேட்கப் பழகியவர், ஏ.ஐ. எழுதித் தந்த நிரலையும் அதே கண்ணோடு படிப்பார்.

7. இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

இந்த உரைக்கு வழிசெய்த அறக்கட்டளையின் வட்டித் தொகையில் ஆண்டுதோறும் ஒரு பகுதியை மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளுக்கு ஒதுக்க நிறுவனர் குடும்பத்தினர் இசைய வேண்டுகிறேன். 2024-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ 2 அறிவிக்கப்பட்ட விலை 5 டாலர், ஏ.ஆர்.எம்., ரிஸ்க்-ஃபைவ் இரு வகைச் செயலிகளும் அதற்குள்ளேயே உள்ளன. சி.எஸ்.இ. மாணவர் ஒருவரும் ஈ.சி.இ. மாணவர் ஒருவரும் இணைந்த குழுவுக்கு ஒரு பலகை. மூன்றாம் பருவத்தில் பலகையில் விளக்கு எரியட்டும்; ஐந்தாம் பருவத்துக்குள் மூன்று பணிகளை முன்னுரிமைப்படி மாறி மாறி ஓட்டும் சிறு கர்னலை அவர்களே எழுதி, பூட்டு வைத்து, பாத்ஃபைண்டரின் பழுதை வேண்டுமென்றே வரவழைத்துத் தீர்க்கட்டும்.

ஆய்வகத்தை மாலை நேரத்திலும் திறந்து வையுங்கள். கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவியருக்குக் கடைசிப் பேருந்து ஒன்றைத் தாமதமாக விடுங்கள். இல்லையென்றால் மாலை ஆய்வகம் விடுதி மாணவர்களுக்கு மட்டுமே பயன்படும். பலகை வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கியூஎமு என்ற இலவச மென்பொருள், உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே ரிஸ்க்-ஃபைவ் இயந்திரம் ஒன்றை நடித்துக் காட்டும், எக்ஸ்.வி.6 அதில் இன்றிரவே ஓடும். ஓடவிட்டவர்கள், எங்கே தடுக்கியது என்று எழுதி என் துறைக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவேன்.